தேநீர்ச் சடங்கும் நேரடி இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைப் பார்க்கப் போகிறவர்கள், அதில் வாசிக்க அழைக்கப்பட்ட இசைக் கலைஞர்கள், இரண்டையும் சேர்த்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த நினைக்கிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் மரபு சொல்வதும் இருக்கிறது, என் சொந்த விருப்பு வெறுப்பும் இருக்கிறது. எது எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

தேநீர்ச் சடங்கில் மரபாகவே இசை உண்டா?

தேநீர் அறைக்குள் இல்லை. சென் நோ ரிக்யூ (1522–1591) செம்மைப்படுத்திய எளிய தேநீர் முறையில் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. அவர் வழிவந்த ஒமோதேசென்கே, உராசென்கே, முஷாகோஜிசென்கே என்ற மூன்று குடும்பங்கள் இன்றும் கியோட்டோவில் இருந்து இந்தக் கலையைக் கற்றுத்தருகின்றன. புதிதாகச் சேரும் மாணவர் கற்கும் அடிப்படைப் பாடங்கள் எதிலும் வாத்தியக்காரர் கிடையாது. ஆகவே 'பாரம்பரிய இசையுடன் பாரம்பரியத் தேநீர்' என்று விளம்பரத்தில் பார்த்தால், இரண்டும் தனித்தனியே பழையவை, சேர்க்கை மட்டும் புதிது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் அறை முழுக்க நிசப்தமா?

பேச்சு குறைவு, ஒலி நிறைய. அந்த ஒலிகளுக்கு வேலையும் இருக்கிறது.

விருந்தினர்கள் நிஜிரிகுச்சி எனப்படும் சிறு வாசல் வழியாக, குனிந்து தவழ்ந்து ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். கடைசியாக நுழைபவர் கதவை இழுத்து மூடும்போது 'டக்' என்று லேசாகக் கேட்கும்படி மூட வேண்டும். பக்கத்து அறையில் காத்திருக்கும் விருந்தளிப்பவர் அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வந்தாயிற்று என்று தெரிந்துகொள்கிறார். கிண்ணத்தின் கடைசி மிடறையும் காதில் விழும்படி உறிஞ்ச வேண்டும். நம் வீட்டில் அப்படிக் குடித்தால் பாட்டி முறைப்பார். அங்கே 'குடித்து முடித்தேன்' என்று சொல்லாமல் சொல்லும் மரியாதை அது. தேநீர்ப் பொடியை அள்ளிப் போட்ட மூங்கில் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் மெல்லத் தட்டுவார்கள். சில மரபுகளில், ஃபுகுசா என்ற பட்டுத் துணியைத் தளர்த்திப் பிடித்து வெடுக்கென்று விறைப்பாக இழுத்து ஒரு 'பட்' ஒலி எழுப்புவார்கள். மூங்கில் அகப்பையிலிருந்து விழும் வெந்நீரின் ஓசை சற்றுத் தடித்து மழுங்கியிருக்கும், குளிர்ந்த நீர் கணீரென்று தெறிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது விழுகிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவையும் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த அறைக்குள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நுழைபவர், தான் வாசிக்கத் தொடங்கினால் இவற்றில் எதெல்லாம் கேட்காமல் போகும் என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். பல நிகழ்ச்சிகளில் யாரும் அதை யோசிப்பதில்லை. வாத்தியம் ஒருபுறம் ஓடிக்கொண்டே இருக்கும், மறுபுறம் தேநீர் தயாராகும், திருமண வரவேற்பில் பந்தி நடப்பதுபோல.

வெந்நீர்ப் பானை பாடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அதற்கென்று ஏற்பாடும் செய்யப்படுகிறது. காமா எனப்படும் வார்ப்பிரும்புப் பானையின் உட்புற அடியில் சிறுசிறு இரும்புத் துண்டுகளை அரக்கு வகைப் பசையால் ஒட்டிவைப்பார்கள். சூடு ஏறும்போது அந்தத் துண்டுகளின் இடுக்கில் குமிழிகள் உண்டாகிச் சீறுவதால் பானைக்குத் தனி நாதம் கிடைக்கிறது. ஒகாகுரா காகுஸோ 1906இல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலிலும் இந்த இரும்புத் துண்டுகளைக் குறிப்பிடுகிறார்.

தேநீர்க்காரர்கள் இந்த ஒலியைப் படிப்படியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் மண்புழுவின் முனகல், பிறகு கரையில் மோதும் அலை, தொலைவில் எழும் அலை, அதற்கப்பால் மட்சுகாசே, அதாவது பைன் மரங்களூடே வீசும் காற்று. தேநீருக்கு ஏற்ற சூடு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இந்தக் கடைசி ஒலிதான்.

சடங்கு முடியும் தறுவாயில் விருந்தளிப்பவர் ஓர் அகப்பை குளிர்ந்த நீரை எடுத்துப் பானைக்குள் ஊற்றுவார். அதுவரை பின்னணியில் இழைந்துகொண்டிருந்த பைன் காற்று அந்தக் கணத்தில் அறுந்து நின்றுவிடும். அது ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே பலருக்கு அது நின்ற பிறகுதான் உறைக்கும். இசையைச் சேர்க்க நினைப்பவர்கள் இந்தக் கணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

முழுச் சடங்கு எவ்வளவு நேரம்? அதில் இசையை எங்கே வைப்பது?

'சாஜி' எனப்படும் முழு விருந்து சுமார் நான்கு மணி நேரம் நடக்கும். விருந்தினர் நான்கைந்து பேர்தான். கரியை அடுக்கி நெருப்பு மூட்டுவது, கைசெக்கி உணவு, இனிப்பு, பிறகு நகாதாச்சி என்ற தோட்டத்து இடைவேளை, மீண்டும் உள்ளே வந்ததும் 'கொய்ச்சா' என்ற கெட்டித் தேநீர், கடைசியாக 'உசுச்சா' என்ற நீர்த்த தேநீர். பொதுமக்களுக்கான 'சாகாய்' நிகழ்ச்சிகளில் இனிப்பும் நீர்த்த தேநீரும் மட்டும்தான். ஒரு சுற்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முழு விருந்தில் இசைக்கு இரண்டு நல்ல இடங்கள் உண்டு.

ஒன்று நகாதாச்சி. விருந்தினர்கள் தோட்டத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே விருந்தளிப்பவர் சுவர் மாடத்தில் தொங்கிய சித்திரச் சுருளை எடுத்துவிட்டுப் பூ வைப்பார், அறையைப் பெருக்குவார். இந்த வேளையில் தோட்டத்தின் மறுகோடியிலிருந்து ஒரு ஷாகுஹாச்சிக் குழல் கேட்டால் யாருடைய வேலைக்கும் குறுக்கே வராது. வாசிப்பவர் கண்ணில் படக்கூடாது, அருகிலும் இருக்கக்கூடாது. ஒரு கண்டிப்பான நிபந்தனை: விருந்தினரை மீண்டும் உள்ளே அழைக்க வெண்கலச் சேகண்டி அடிப்பார்கள். பெரிது, சிறிது, நடுத்தரம், நடுத்தரம், பெரிது என்று ஐந்து அடி அடிக்கும் வழக்கம் பரவலானது. விருந்தினர்கள் எழுந்து, குனிந்து அமர்ந்து அதைக் கேட்பார்கள். குழல் ஓய்ந்து சில நிமிடங்களாவது கழிந்த பிறகே முதல் அடி விழ வேண்டும். குழலோசை காதில் மிச்சமிருக்கும்போதே சேகண்டியைக் கேட்பவருக்கு அந்த ஐந்து அடிகளின் ஏற்ற இறக்கம் பிடிபடாது.

இன்னொன்று உசுச்சாவின் முடிவு. மேலே சொன்ன அந்த அகப்பை நீர் பானைக்குள் விழுந்து, பைன் காற்று நின்றுபோன பிறகு. அறையின் சுருதி அணைந்துவிட்டது, கிண்ணங்கள் வெளியே போய்விட்டன, விருந்தினர் இன்னும் எழவில்லை. அங்கே வாசிக்கும் ஐந்து அல்லது பத்து நிமிட இசையை எல்லோரும் முழுக் காதோடு கேட்பார்கள். என்னைக் கேட்டால் முழுச் சடங்கிலும் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

உசுச்சா நடந்துகொண்டிருக்கும்போதே வாசிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், ஏனென்றால் அது இறுக்கம் தளர்ந்த பகுதி. ஆனால் தளர்வு பேச்சுக்காக விடப்பட்டது. தலைமை விருந்தினர் கிண்ணம் யார் செய்தது, கரண்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதும், விருந்தளிப்பவர் பதில் சொல்வதும் அப்போதுதான். வாசித்தே ஆக வேண்டும் என்றால் இனிப்பு பரிமாறி முதல் கிண்ணம் வரும்வரை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்டித் தேநீர் வேளையில் வாசிக்கலாமா?

கூடாது. ஒருவருக்கு ஏறத்தாழ 4 கிராம் பொடி, மிகக் குறைந்த நீர், அதை நுரைக்காமல் பிசைவார்கள். ஒரே கிண்ணம் கைமாறிப் போகும். முழு விருந்தும் இந்தக் கிண்ணத்தை நோக்கித்தான் கட்டப்பட்டிருக்கிறது. விருந்தினரே வாய் திறக்காத நேரத்தில் வாத்தியம் எதற்கு?

எந்த ஜப்பானிய வாத்தியம் பொருந்தும்?

எல்லோரும் முதலில் கேட்பது கோதோ. 13 நரம்புகள், சுமார் 180 சென்டிமீட்டர் நீளம். ஒரு டாட்டாமிப் பாயும் ஏறத்தாழ அதே நீளம்தான். நாலரைப் பாய் பரப்புள்ள அறையில் விருந்தினரையும் அடுப்பையும் வைத்த பிறகு கோதோவுக்கு இடமே இருக்காது. பக்கத்து அறையில் வைத்து, இடையிலுள்ள நகரும் கதவைத் திறந்துவிடுவதுதான் நடைமுறை. ஒலியும் அப்படி வரும்போது சற்று மென்மையாகிறது.

ஷாகுஹாச்சி மூங்கில் குழல். வழக்கமான அளவு 54.5 சென்டிமீட்டர். ஆளைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும், இரண்டு பாய் அறைக்குள் உரக்க ஊதினால் காது அடைத்துவிடும். ஃபுகே என்ற பௌத்தப் பிரிவின் துறவிகள் தியானமாக ஊதிய மூச்சு நீளமான தனி உருப்படிகள் தேநீருக்கு ஒத்துப்போகின்றன, ஏனென்றால் அவற்றில் இடைவெளி அதிகம்.

ஷாமிசென் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தின் தட்டுக்கட்டை தோலில் மோதும் ஓசை எனக்குத் தேநீர் அறையில் உறுத்துகிறது. இது என் காதின் குறையாகவும் இருக்கலாம். கோதோ, ஷாமிசென், ஷாகுஹாச்சி மூன்றும் சேர்ந்து வாசிக்கும் சான்கியோகுக் கச்சேரி கேட்க அருமையானது. அதைத் தேநீர் முடிந்த பிறகு பெரிய கூடத்தில் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

கோதோவில் எந்த உருப்படியிலிருந்து தொடங்கலாம்?

ரோகுதான். 17ஆம் நூற்றாண்டின் யட்சுஹாஷி கெங்கியோ (1614–1685) இயற்றியதாகச் சொல்லப்படும் இது ஆறு பகுதிகள் கொண்டது. வாய்ப்பாட்டு இல்லை. விளம்ப காலத்தில் தொடங்கி, பகுதிக்குப் பகுதி நடை கூடி, கடைசியில் மறுபடி தணிந்து அடங்கும். விருந்தளிப்பவரின் கை அசைவும் ஏறத்தாழ இதே போக்கில்தான் போகிறது. நேரம் போதாவிட்டால் சில பகுதிகளை மட்டும் வாசித்து நிறுத்திக்கொள்ளலாம்.

யட்சுஹாஷி பார்வையற்றவர். கியோட்டோவின் புகழ்பெற்ற யட்சுஹாஷி இனிப்பு, கோதோவின் வளைந்த உடல் வடிவத்தில் அவர் நினைவாகச் செய்யப்பட்டது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, ரோகுதான் வாசிக்கும் நாளில் தட்டில் அதை வைத்தால் விருந்தினர்கள் புன்னகைப்பார்கள். பொருத்தம் பார்த்துப் பொருள்களைக் கூட்டுவது தேநீர்க்காரர்களின் பெரிய விளையாட்டு. இசையையும் அந்த விளையாட்டில் சேர்த்துவிட வேண்டும். அன்றைய கிண்ணம், சுருள், கரண்டி ஆகியவற்றைப் பட்டியலிடும் குறிப்பேட்டில் வாசிக்கப்படும் உருப்படியின் பெயரையும் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

தேநீரைப் பற்றியே பாடல் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் குறும்பான பாடல். பெயர் 'சா ஒந்தோ'. கியோட்டோவில் வாழ்ந்த கிகுஓகா கெங்கியோ (1792–1847) ஷாமிசென்னுக்கு இசையமைத்தார், யாஏசாகி கெங்கியோ கோதோப் பகுதியைச் சேர்த்தார். இருவருமே பார்வையற்ற இசைவாணர்களின் சங்கத்தில் உயர்ந்த பட்டம் பெற்றவர்கள்.

பூவென்றால் யோஷினோ மலை, இலைச் சிவப்பென்றால் தட்சுதா, தேநீர் என்றால் ஊஜி என்று கம்பீரமாகத் தொடங்கும் பாட்டு, சில வரிகளிலேயே காதல் ஊடலாக மாறிவிடும். தேநீர் அறையின் பொருள்கள் ஒவ்வொன்றும் சிலேடையாக வரும். அகப்பையின் மூங்கில் நேராகத்தான் இருக்கிறது, நீயோ தேநீர்க் கரண்டியைப்போல வளைந்திருக்கிறாய் என்று காதலனுக்குக் குத்தல். மடிக்க வராத பட்டுத்துணியைப்போலக் குழம்பிய மனம். கடைசியில், நாம் கதையில் வரும் கிழவனும் கிழவியும் ஆகும்வரை பானை ஆறாமல் இருக்கட்டும், நம் உறவு அதைத் தொங்கவிடும் சங்கிலியைப்போல நீளட்டும் என்று வாழ்த்தி முடிகிறது. காளமேகத்தை ரசிக்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு நிச்சயம் பிடிக்கும்.

இதைத் தேநீர் நடந்துகொண்டிருக்கும்போது பாடினால் பாதி நகைச்சுவை வீணாகும். அகப்பையையும் கரண்டியையும் சங்கிலியையும் விருந்தினர்கள் பார்த்து முடித்த பிறகு பாடினால் ஒவ்வொரு வரியிலும் அவர்கள் கண் அந்தந்தப் பொருளைத் தேடும். பானையைச் சங்கிலியில் தொங்கவிடும் வழக்கம் பெரும்பாலும் மார்ச் மாதத்துக்கு உரியது என்பதால் அந்த மாதம் பாடினால் இன்னும் பொருத்தம்.

மேற்கத்தியச் செவ்வியல் இசை?

பொருந்தும், தேர்வு சரியாக இருந்தால். டாட்டாமிப் பாய், மண் சுவர், காகிதக் கதவு மூன்றும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். கச்சேரி மண்டபத்தின் எதிரொலியை நம்பி வாசிக்கும் வயலின் இங்கே வறண்டுபோகும். லூட்டும் கிட்டாரும் செல்லோவும் தாக்குப்பிடிக்கின்றன. பாக் எழுதிய ஆறு தனிச்செல்லோத் தொகுப்புகளில் ஒவ்வொன்றிலும் சாரபாண்ட் என்ற மெதுவான நடனப் பகுதி வருகிறது. சில நிமிடங்கள்தான், ஒற்றை வாத்தியம், மூச்சு விட இடம் உண்டு. நால்வர் குழுவையோ பியானோவையோ கொண்டுவந்தால் அது கச்சேரி, தேநீர் பக்கத்தில் நடக்கும் வேறு ஒன்று.

ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தாகெமிட்சு 1967இல் பிவா என்ற நரம்பு வாத்தியத்தையும் ஷாகுஹாச்சியையும் மேற்கத்திய வாத்தியக் குழுவோடு ஒரே மேடையில் ஏற்றியபோது, இரண்டையும் குழைத்து ஒன்றாக்க முயலாமல் எதிரெதிரே நிறுத்தினார். நிகழ்ச்சி அமைப்பவர்களுக்கு இது நல்ல வழிகாட்டி. செல்லோவைக் கோதோபோல ஒலிக்கச் சொல்லாதீர்கள், தேநீரும் இசைக்கு அசையும் நடனமாகிவிட வேண்டாம்.

தேநீரே கதைப்பொருளான ஓர் ஓப்பெராவும் உண்டு. சீன இசையமைப்பாளர் டான் டுன் எழுதியது, 2002இல் டோக்கியோவின் சன்டோரி ஹாலில் அரங்கேறியது. தண்ணீரையும் காகிதத்தையும் மட்பாண்டங்களையும் தாளவாத்தியமாக ஆக்கியிருந்தார். அது அரங்குக்குரிய படைப்பு, தேநீர்ச் சடங்கு அல்ல.

அரங்கில், நாற்காலி போட்டு நடத்தினால் அது சடங்கே இல்லை என்கிறார்களே?

தவறான எண்ணம். மேசையும் முக்காலியும் வைத்துத் தேநீர் வழங்கும் 'ரியூரெய்' முறை 1872ஆம் ஆண்டு கியோட்டோக் கண்காட்சிக்காக உருவானது. உருவாக்கியவர் உராசென்கேயின் 11ஆம் தலைவர் கெங்கென்சாய். தரையில் மண்டியிட்டு உட்காரத் தெரியாத வெளிநாட்டவரை மனத்தில் வைத்துச் செய்தார். இசையோடு இணைக்க இதுதான் மிக வசதியான முறை. பார்வையாளர்களுக்குக் கை அசைவு தெரியும், இசைக் கலைஞரும் அதே உயரத்தில் நாற்காலியில் உட்காரலாம்.

அரங்கில் இழப்பு ஒன்றுண்டு. கரி நெருப்புக்கு அனுமதி கிடைப்பது அரிது, மூடிய கூடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் இருக்கிறது. மின்சார அடுப்பு வைத்துத்தான் தீர வேண்டும். பானை பாடும், ஆனால் குளிரூட்டும் இயந்திரத்தின் இரைச்சலில் முதல் வரிசையைத் தாண்டிக் கேட்காது. சிலர் பானைக்கு அருகே ஒலிவாங்கி வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பைன் காற்று ஒலிபெருக்கியில் வந்தால் அடைமழை ஆகிவிடுகிறது.

ஆலயங்களில் இசையும் தேநீரும் சேர்ந்து வருவதுண்டா?

உண்டு. தெய்வத்துக்குத் தேநீர் படைக்கும் 'கென்ச்சா' சடங்கு ஷிந்தோ ஆலயங்களிலும் பௌத்தக் கோயில்களிலும் நடக்கிறது. கியோட்டோவின் கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 1 அன்று நடப்பது பெயர்பெற்றது. தேநீர் தயாரிப்பவர் தன் மூச்சுப் படாமலிருக்க வாயை மறைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட படையல் சடங்குகளில் பல இடங்களில் ககாகு என்ற அரசவை இசை ஒலிக்கும். அங்கே இசையும் தேநீரும் மனிதரை நோக்கியவை அல்ல என்பதால், ஒன்று மற்றொன்றின் காதை அடைக்கிறதே என்ற கவலை எழுவதில்லை.

ககாகுவில் 'ஷோ' என்றொரு வாத்தியம், 17 மூங்கில் குழாய்கள் கொண்டது. மூச்சின் ஈரம் உள்ளே படிந்தால் சுருதி கெடும் என்பதால் வாசிப்பவர் பக்கத்தில் சிறு கணப்பு வைத்து அவ்வப்போது அதைச் சூடாக்கிக்கொள்வார். தேநீர்க்காரரும் இவரும் ஒரே நிகழ்ச்சியில் இருந்தால் இருவருடைய கவலையும் நெருப்பைப் பற்றித்தான்.

இலையுதிர்காலத்து முழுநிலவு நாளில் கியோட்டோவின் ஷிமோகமோ ஆலயத்தில் நடக்கும் 'மெய்கெட்சு கங்கென்சாய்' விழாவில் ககாகுவும் கோதோவும் கேட்கலாம், தேநீர் இருக்கைகளும் போட்டிருப்பார்கள். திறந்தவெளி, நடமாட்டம், பேச்சு எல்லாம் இருக்கும். முதல்முறையாக இரண்டையும் ஒரே மாலையில் அனுபவிக்க விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ரிக்யூ இருந்திருந்தால் இதை ஏற்றிருப்பாரா?

இந்தக் கேள்வி வராத நிகழ்ச்சி இல்லை. ரிக்யூவுடையது என்று கருதப்படும் தாய்அன் அறை யாமசாகியின் மியோகிஅன் கோயிலில் இருக்கிறது. மொத்தம் இரண்டு பாய் அளவு. அதில் ஒரு வாத்தியக்காரரை எங்கே உட்காரவைப்பீர்கள்? ஆனால் அவர் யாரிடம் பணியாற்றினாரோ அந்த ஆட்சியாளர் டொயோட்டோமி ஹிதேயோஷி வேறு ரகம். தங்கத் தகடு வேய்ந்த தேநீர் அறை செய்துவைத்தவர். 1587இல் கித்தானோவில் மாபெரும் தேநீர்க் கூடல் நடத்தி, ஒரு பானையும் ஒரு கிண்ணமும் இருந்தால் உழவரும் வரலாம் என்று அறிவித்தவர். நோ என்ற இசை நாடகத்தின் மேல் தீராத மோகம் கொண்டு, பிற்காலத்தில் தானே வேடமிட்டு ஆடியவர். அவரிடம் கேட்டால் பதில் வேறாக இருந்திருக்கலாம். 1591இல் அவருடைய ஆணையால்தான் ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார், ஆகவே இருவருடைய ரசனையையும் ஒன்றாகப் பேசுவதில் எச்சரிக்கை தேவை.

இசை முடிந்ததும் கைதட்டலாமா?

தேநீர் அறையில் வேண்டாம். தலைமை விருந்தினர் எல்லோர் சார்பிலும் தலைவணங்கி ஓரிரு வார்த்தை சொல்வார், மற்றவர்கள் கூடவே வணங்குவார்கள். அரங்கில் என்றால் தேநீரும் இசையும் முழுக்க முடிந்த பிறகு தட்டலாம். தேநீர் தயாரிப்பவருக்கென்று தனியாகத் தட்டாதீர்கள், பெரும்பாலோர் நெளிவார்கள்.

விருந்தினராகப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

வெள்ளைக் காலுறை கொண்டுபோங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், கிண்ணம் கீறும். வாசனைத் திரவியம் வேண்டாம். மே முதல் அக்டோபர்வரை அடுப்பில் சந்தனம் போன்ற நறுமணக் கட்டையும், நவம்பர் முதல் ஏப்ரல்வரை பிசைந்து உருட்டிய தூபமும் போடுவார்கள், அதை முகர வேண்டாமா? இனிப்பைத் தேநீருக்கு முன்பே முழுதாகச் சாப்பிட்டுவிட வேண்டும். கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காமல் சற்றுத் திருப்பிக் குடிக்க வேண்டும். இசை நடக்கும்போது இனிப்பு வைத்த காகிதத்தை மடிக்காதீர்கள், அந்த அறையில் அது பெரிதாகக் கேட்கும். கால் மரத்துப்போனால் ஓசையில்லாமல் மாற்றி உட்காரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இசைக் கலைஞருக்கு?

சுருதி சேர்ப்பதை அறைக்கு வெளியே முடித்துவிடுங்கள். கோதோவின் நரம்புகளைத் தாங்கும் குதிரைகளை நகர்த்தும் கிறீச்சொலிகூட உள்ளே கேட்கும். குளிர்காலத்தில் அடுப்பு தரைக்குள் பதிந்து விருந்தினருக்கு நெருக்கமாக இருக்கும், அதன் ஆவிக்கும் அனலுக்கும் அருகே மர வாத்தியத்தை வைக்காதீர்கள். செல்லோக்காரர்கள் தங்கள் வாத்தியத்தின் முள்காலைப் பாயில் ஊன்றிவிட்டால் விருந்தளிப்பவரின் முகம் மாறிவிடும். ஒரு பலகை கொண்டுபோங்கள், நாற்காலிக் கால்களுக்கும் பலகை வேண்டும். தாள் புரட்டாமல் மனப்பாடமாக வாசிப்பது நல்லது.

இவற்றையெல்லாம்விட முக்கியம், முன்கூட்டியே ஒருமுறை விருந்தினராக உட்கார்ந்து தேநீர் குடிப்பது. விருந்தளிப்பவர் எந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொள்கிறார், எங்கே கையைத் தொடைமேல் வைத்து நிற்கிறார் என்று தெரிந்தால், எப்போது தொடங்குவது என்று யாரும் சைகை காட்ட வேண்டியதில்லை.

கலைஞர் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். கிண்ணத்தைத் துடைக்கும்போது விருந்தளிப்பவருக்கு இன்னும் அரை நிமிடம் தேவைப்படலாம், தலைமை விருந்தினர் எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் கலைஞர் அதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொள்வார், அல்லது ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக் காத்திருப்பார். பதிவு தன்பாட்டுக்கு ஓடும், விருந்தளிப்பவர் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். கலைஞர் இல்லாத நாளில் கதவைச் சற்றுத் திறந்துவைத்து, பானையை நன்றாகக் கொதிக்கவிட்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல இனிப்பாக வாங்கிவிடுங்கள்.